ஏழாவது ஆணி

"டோக்கன் எங்கடி?"

என் அத்தை அன்றைக்கு என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். டோக்கன் என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சுடிதாருக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, சில்லென்று. கையை வைத்தால் எடுத்துக் காட்டிவிடலாம். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய நான், பேச்சு வராமல் நின்றேன். ஏன் என்று புரியவே எனக்குப் பல நாள் ஆயிற்று. புரிந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

அத்தையின் பெயர் பாக்யலட்சுமி. என் அப்பாவுக்கு அக்கா. வயது நாற்பத்தாறு. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவரும் செய்கிறார். விடிவதற்குள் ரயிலேறி பெங்களூர் போவார், இருட்டிய பிறகு திரும்பி வருவார். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் வேலை. பதினாறு வருடமாக இதே ரயில்.

அந்த ரயிலில் அத்தையோடு பத்துப் பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள். போகிற வழியில் பீன்ஸ் நறுக்குவார்கள், பூக் கட்டுவார்கள், சண்டை போடுவார்கள், நின்றபடியே தூங்குவார்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் ஒரு தடவை, ஒயிட்ஃபீல்டில் இறங்கியதும் ஒரு தடவை அத்தை தலைகளை எண்ணுவார். தன்னையும் சேர்த்துப் பதினொன்று. ஒரு நாள் அவர்களில் ஒருத்தி ஜுரத்தில் ஜன்னலோரம் தூங்கிப்போய்விட்டாள். நடைமேடையில் பத்துதான் இருந்தது. அத்தை நகரும் ரயிலோடு ஓடி ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டி அவளை எழுப்பினாராம். எழுந்தவள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வரும்வரை மற்ற பத்துப் பேரும் வேலைக்குப் போகாமல் நின்றார்களாம்.

இந்தக் கதையை என் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். அதிகம் சிரித்தது நான்தான். வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காதவர்கள் இப்படி எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அத்தையிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "நீ எங்கனா போயி எதுனா பண்ணுடி, நான் எண்ணிகினு இருக்கிறேன்" என்றார்.

நான் பவ்யா. பி.யு.சி. இரண்டாம் வருடப் பரீட்சை, அதாவது பிளஸ் டூ, எழுதி முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் எங்கள் வீடு, அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசை வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. நாலு அடி வைத்தால் சுவர் வந்துவிடும். பரீட்சை இருந்தவரை அது தெரியவில்லை. முடிந்த பிறகு என்னால் உட்காரவே முடியவில்லை. காலையில் கடைத்தெரு வரை நடப்பேன், மாலையில் சுரங்கக் கழிவைக் கொட்டிய மண்மேடு வரை நடப்பேன். அம்மா என் கால்களைப் பார்த்து, "இதுங்களுக்கு ஒரு பெட்ரோல் டாங்க் வெச்சிருக்கலாம்" என்பார்.

வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வருடம் தவறாமல் நாங்கள் பேத்தமங்களா ஏரிக்குப் போவோம். நாங்கள் என்றால் எட்டுப் பேர். அப்பா பிரதாப், அம்மா, நான், அத்தை, அத்தையின் பன்னிரண்டு வயது மகன் உதய். இவர்களோடு ஊரின் இன்னொரு பகுதியான மைசூர் மைன்ஸிலிருந்து அப்பாவின் சிநேகிதர் சைலஸ் அங்கிள், அவர் மனைவி நளினி ஆன்ட்டி, அங்கிளின் அப்பா கொர்னேலியஸ் தாத்தா. அத்தையின் கணவரான மாமாவுக்கு செக்யூரிட்டி வேலை என்பதால் சனிக்கிழமை லீவு கிடைக்காது. சைலஸ் அங்கிளின் ஆம்னி வேனில் எட்டுப் பேரும் நெருக்கிக்கொண்டு ஏறுவோம்.

கொர்னேலியஸ் தாத்தா எங்களுக்குச் சொந்தமில்லை. ஒரே ஜாதியும் இல்லை, ஒரே மதமும் இல்லை, ஒரே தெருவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். கிறிஸ்துமஸ் அன்று காலையில் அப்பா முதலில் போவது அவர் வீட்டுக்கு. எதனால் இப்படி என்று நான் கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் கேட்பார்கள்? அவருக்கு எழுபத்தெட்டு வயது. இடது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. சுரங்கத்தில் போய்விட்டன என்று தெரியும். எங்கள் ஊரில் அதுவும் யாரும் கேட்கிற விஷயமில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். நல்ல மழை பெய்த வருடம் என்பதால் தண்ணீர் இன்னும் நிறையவே இருந்தது. எருமை குளிப்பாட்ட ஊர்க்காரர்கள் இறங்கும் சரிவான கரை எங்கள் வழக்கமான இடம். அங்கே ஒரு வேலமரம் உண்டு. வேனிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரங்களை இறக்குவதற்கு முன்பே அத்தை பையிலிருந்து அவருடைய பலகையை எடுத்து அந்த மரத்தில் மாட்டினார்.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய சப்பாத்திப் பலகை. அதில் எட்டு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் சிவப்புக் கயிற்றில் கோத்த ஓர் இரும்பு வாஷர். சைலஸ் அங்கிள் தன் மெக்கானிக் கடையில் எண் குத்திக் கொடுத்தது. வயதுப்படி எண். கொர்னேலியஸ் தாத்தா ஒன்று, அத்தை இரண்டு. நான் ஏழு, உதய் எட்டு. தண்ணீரில் இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கரையேறியதும் ஆணியில் மாட்டிவிட வேண்டும். சுரங்கத்தில் அப்படித்தான் நடந்ததாம். ஷிஃப்டுக்கு இறங்கும்போது ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். மேலே வந்ததும் பலகையில் திருப்பி மாட்டினால்தான் அவர் வெளியே வந்துவிட்டார் என்று கணக்கு. ஆணி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். என் தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, சுரங்கத்தில் இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவரிடமிருந்து அத்தைக்கு வந்த வழக்கம் என்று மட்டும் தெரியும்.

பலகை நிரம்பாமல் சாப்பாடு கிடையாது. அது அத்தையின் சட்டம்.

"பாக்யாக்கா, இது ஏரியா, சுரங்க ஷாஃப்டா?" என்று சைலஸ் அங்கிள் வருடா வருடம் கேட்பதை அன்றும் கேட்டார்.

"ரெண்டும் ஆழம்தான். மாட்டிகினு எறங்கு."

"அத்தே, மீனுக்கெல்லாம் யாரு டோக்கன் குடுத்தது?" என்றேன் நான்.

"உன் வாய்க்குத்தான்டி தனியா ஒண்ணு குடுக்கணும். தொறந்தா எப்ப மூடும்னு கணக்கே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏழாம் எண்ணை எடுத்து மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன்.

அத்தை முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. எங்களில் நீச்சல் தெரிந்தவர் சைலஸ் அங்கிள் மட்டும்தான். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரத் தண்ணீரில் நின்று, "அங்க போகாத, உதய், இந்தாண்ட வா" என்று கத்திக்கொண்டே இருப்பார். அதுதான் அவருடைய ஏரிக் குளியல்.

ஒரு மணி நேரம் விளையாடியிருப்போம். எனக்குச் சலித்துவிட்டது. தண்ணீரிலிருந்து கரையோரமாகப் பார்த்தால் தூரத்தில் ஏரி ஒரு பக்கமாக வளைந்து போவது தெரிந்தது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எந்த வருடமும் நான் பார்த்ததில்லை. அந்த வளைவு வரைக்கும் போய்விட்டு வரலாம், ஐந்து நிமிடம்தானே என்று கரையேறினேன். செருப்பு தண்ணீர் ஓரத்தில் கிடந்தது. சேற்றில் நடக்க வெறுங்கால்தான் வசதி என்று அதைத் தொடவில்லை. என் ஃபோன் வேனில் இருந்தது, அதிலிருந்துதான் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஈர உடை வெயிலில் தானாகக் காயட்டும் என்று அப்படியே நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் இல்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

வளைவுக்கு அப்பால் இன்னொரு வளைவு இருந்தது. அதற்கப்பால் ஏரி திடீரென்று அகலமாகிவிட்டது. நான் நின்றுவிட்டேன். எதிர்க்கரை ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரிந்தது. தண்ணீரில் அசைவே இல்லை. நூறு கொக்குகளாவது இருக்கும், ஒன்றும் சத்தம் போடவில்லை. என் தாத்தா காலத்தில் எங்கள் ஊர் குடித்த தண்ணீர் இதுதான். இங்கிருந்து மேடேற்றிக் குழாயில் கொண்டுபோனார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படித்தபோது அது ஒரு மார்க் கேள்வி. இப்போது அந்தத் தண்ணீருக்கு முன்னால் நான் ஒரு கொசு அளவு இருந்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்தேன். ஜூனில் பெங்களூர் போய்விட வேண்டும், பிறகு அங்கிருந்தும் எங்கேயாவது போய்விட வேண்டும் என்று என்னென்னவோ யோசித்தேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பசித்தபோது எழுந்தேன்.

நான் இல்லாதபோது நடந்ததை உதயும் நளினி ஆன்ட்டியும் பிறகு சொன்னார்கள்.

அத்தை தட்டுகளைப் பரப்பிவிட்டுப் பலகையைப் பார்த்திருக்கிறார். ஏழு டோக்கன்கள் இருந்தன. ஏழாவது ஆணி காலி.

"பவ்யா எங்க?"

"எங்கனா சுத்தப் போயிருப்பா" என்றாராம் அப்பா. "அவளப் பத்தி உனக்குத் தெரியாதா? நீ சோத்தப் போடுக்கா."

உதய் என் செருப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினான். நீல நிறச் செருப்பு, தண்ணீர் ஓரத்தில் கிடந்தது. அதைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டார். நளினி ஆன்ட்டி ஃபோனில் கூப்பிட்டார். வேனுக்குள்ளே பாட்டு நின்று என் ரிங்டோன் அடித்தது.

அப்பா அப்போதும் சொல்லியிருக்கிறார், "செருப்பு இல்லாம நடக்கிறவதான் அவ."

"போர்டுல டோக்கன் இல்ல பிரதாப்பு" என்றாராம் அத்தை. "அவ கரையில கீறான்னு நீ பாத்தியா? நான் பாக்கல. யாரும் பாக்கல. அப்ப உள்ளதான் கீறா. எழுந்திரு."

அத்தை ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். உதய் வேன் கூரைமேல் ஏறி நாலு பக்கமும் பார்க்க வேண்டும். சைலஸ் அங்கிள் நீந்தி ஆழத்துக்குப் போய் முங்கிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கை கோத்து வரிசையாக நின்று, காலால் தரையைத் துழாவிக்கொண்டே முன்னால் போக வேண்டும். கரை ஓரத்தில் அம்மா, அடுத்து நளினி ஆன்ட்டி, அடுத்து அப்பா. ஆழமான கடைசி இடத்தை அத்தை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு நீச்சல் தெரியாதுக்கா, நான் கடைசில நிக்கிறேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"உனக்கும்தான் தெரியாது. நான் உன்னவிட ஒசரம். கையப் புடி."

எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கன்னடத்தில் என்ன விஷயம் என்று கேட்டார். அத்தை சொன்னதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசைக்கு வந்தார். அவரை அத்தை தடுத்து நிறுத்தினார். பலகையிலிருந்து உதயின் எட்டாம் எண்ணை எடுத்து அந்த மனிதர் கழுத்தில் மாட்டினார். மற்றவர்களும் அவரவர் டோக்கனை எடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் இறங்கவே விட்டார். அப்பா, "இப்போ இது தேவையா?" என்று கத்தினாராம். "இப்பதான் தேவை" என்றாராம் அத்தை.

கொர்னேலியஸ் தாத்தா நாற்காலியைத் தண்ணீர் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒரு சில்வர் தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டார். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற கூண்டுக்கு மணி அடிப்பது போல அவர் அடித்தார். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் இறங்கு. மூன்று தட்டு என்றால் மேலே வா.

நான் முதல் வளைவைத் தாண்டும்போது எனக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். தண்ணீர்மேல் வந்ததால் மிகத் தெளிவாகக் கேட்டது. டிங். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு டிங் டிங். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு அவர்களைப் பார்த்தேன்.

ஐந்து பேர் கை கோத்துக்கொண்டு ஏரிக்குள் நின்றார்கள். அம்மா புதுச் சேலையோடு, அப்பா சட்டையோடு. அவர்களுக்கு நடுவே யாரோ ஒரு வெளியாள் இருந்தார். கரையிலிருந்து ஆழத்துக்கு ஒரு நேர்க்கோடு. கடைசியில் அத்தையின் தலை மட்டும் தெரிந்தது. டிங் டிங் என்றதும் அந்தக் கோடு முழுக்க ஓர் அடி நகர்ந்தது. டிங் என்றதும் நின்றது. யாரும் பேசவில்லை. அவர்கள் நகர்ந்தபோது தண்ணீரில் ஒரே ஒரு மடிப்பு கிளம்பி அகலமாகிக்கொண்டே போய் என் காலடி வரைக்கும் வந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ புது விளையாட்டு, அத்தையே தண்ணீரில் இறங்கிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் நின்று பார்த்தேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நிமிடமாவது நான் நின்று ரசித்தேன்.

அப்போது கோடு சட்டென்று நின்றது. தட்டு அடிக்காமலே நின்றது. அத்தை அப்பாவின் கையை விடாமல் தண்ணீருக்குள் போய்விட்டார். தலை தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நானே எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஏழு எண்ணுவதற்குள் மேலே வந்தார். இன்னொரு கையில் துணி மாதிரி ஏதோ ஒன்று, கறுப்பாகச் சேறு வழிய. அதைப் பார்த்த அம்மாவின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. அப்படி ஒரு சத்தம் அம்மாவிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அத்தை அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கோணிப்பை" என்றார். "வெறும் கோணி. சாக்குதான். வா, போலாம்." தூர எறிந்தார்.

டிங் டிங்.

அவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஓடினேன். கல்லும் முள்ளும் காலில் குத்தியது பிறகுதான் தெரிந்தது. "அதோ! அதோ வர்றா!" என்று உதய் வேன் கூரையில் குதித்தான். கொர்னேலியஸ் தாத்தா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கரண்டியை எடுத்து மூன்று தட்டு தட்டினார்.

கோடு திரும்பியது. யாரும் கையை விடவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கரையேறினார்கள். மண்ணைத் தொட்டதும்தான் அம்மா கையை உதறிவிட்டு ஓடிவந்து என்னை அறைந்தார். அப்புறம் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் மறுபடியும் அறைந்தார். அப்பா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். சைலஸ் அங்கிள் தூரத்தில் இன்னமும் முங்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்வரை தாத்தா மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தை கடைசியாக வந்தார். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. காதோரம் பாசி ஒட்டியிருந்தது. பலகையின் பக்கத்தில் நின்று ஒவ்வொருவர் டோக்கனையும் வாங்கி மாட்டினார். வெளியாளின் கழுத்திலிருந்த எட்டாம் எண்ணையும். சைலஸ் அங்கிள் மூச்சு வாங்க வந்து நாலாம் எண்ணைக் கழற்றிக் கொடுக்கும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு திரும்பினார்.

"டோக்கன் எங்கடி?"

கோபமாகக் கேட்கவில்லை. ரயிலில் டிபன் டப்பா எங்கே என்று கேட்பது போலக் கேட்டார். நான் நின்றேன். என் கை கழுத்துக்குப் போனது, வாய் திறக்கவில்லை. அத்தை என் கழுத்துக்குள் விரலை விட்டுச் சிவப்புக் கயிற்றை இழுத்து, தலைவழியே கழற்றி, ஏழாவது ஆணியில் மாட்டினார். ஒன்றிலிருந்து எட்டு வரை விரலால் தொட்டு எண்ணினார்.

எட்டு என்று சொன்ன பிறகுதான் பலகையை விட்டு நகர்ந்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குடித்த ஏரித் தண்ணீரை எல்லாம் வாந்தி எடுத்தார். நளினி ஆன்ட்டி தலையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் துடைத்துக்கொண்டு அத்தை சொன்ன முதல் வார்த்தை, "தட்டு எடுங்க. சோறு ஆறிப்போச்சு."

தக்காளி சாதமும் கோழி வறுவலும். எருமைக்காரரும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கொர்னேலியஸ் தாத்தா என்னைப் பார்த்துக்கொண்டே எலும்பைக் கடித்தார்.

"உங்க தாத்தன் மாதிரியே கீறே நீ" என்றார். "அவனும் டோக்கனப் பாக்கெட்டுல போட்டுகினு போனவன்தான்."

"அங்கிள், இப்ப வேணாம்" என்றார் அத்தை அவரிடம்.

"இப்பதான் வேணும். பொண்ணு படிச்சு முடிச்சிட்டா, தெரிஞ்சிக்கட்டும்."

அவர் சொன்னது இதுதான். அத்தைக்கு ஏழு வயது இருக்கும்போது நடந்தது. அன்று சாயந்திரம் ஊரில் ஃபுட்பால் ஃபைனல். முதல் ஷிஃப்ட் முடிந்து கேஜில் மேலே வந்த என் தாத்தா, மேட்ச்சுக்கு நேரமாகிவிட்டது என்று டோக்கனை மாட்டாமலே ஓடிவிட்டார். பலகையில் ஓர் ஆணி காலி. ஆறு பேர் அவரைத் தேடி மறுபடியும் உள்ளே இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் கொர்னேலியஸ் தாத்தா. அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. எங்கள் ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். கல் விழுந்து அவர் கை மாட்டிக்கொண்டது. மேலே கிரவுண்டில் என் தாத்தா விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஜெயிச்சாங்க?" என்று கேட்டான் உதய். அத்தை அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"நம்ம பசங்கதான். மூணுக்கு ஒண்ணு" என்றார் கொர்னேலியஸ் தாத்தா. "அடுத்த நாளு உங்க தாத்தன் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னான். வாயத் தொறக்கல. இப்ப நீ நின்னியே, அதே மாதிரி. கட்டு பிரிச்சு நான் வேலைக்குத் திரும்பின நாள்லருந்து ஒரு வருசம், தினம் வெடிகாலைல எங்க வூட்டுக்கு வந்து என் பூட்ஸுக்கு லேஸ் கட்டிட்டுத்தான் அவன் ஷிஃப்டுக்குப் போவான். எனக்கு மூணு விரல்ல முடிச்சுப் போட வரும்னு சொன்னாலும் கேக்க மாட்டான். கூடவே இவளும் வருவா, ஒரு லாந்தரப் புடிச்சிகினு."

இவள் என்றது அத்தையை. அத்தை மாற்றுப் புடவை கட்டிக்கொண்டு, ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

எனக்கு ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது. "தாத்தா, அவரு உள்ளதான் இருக்காருன்னு நீங்க நம்பினீங்களா?"

"இல்லம்மா. மேட்ச்சுக்கு ஓடியிருப்பான்னு எறங்குறப்பவே பேசிகினோம். அவன் எங்களுக்குத் தெரியாதவனா?"

"அப்பறம் இன்னாத்துக்குப் போனீங்க?"

தாத்தா அத்தையைப் பார்த்தார். அத்தை புடவையை உதறி வேன் கதவில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ சுத்தத்தான் போயிருப்பேன்னு எனக்கும் தெரியும்டி. நூத்துக்குத் தொண்ணூறு அதுதான். மீதிப் பத்துக்குத்தான் எறங்கினேன்."

அன்றைக்கு ஏரியின் அகலத்தைப் பார்த்து வியந்து நின்றவள் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் பயப்படுகிற, பதினாறு வருடமாக ஒரே ரயிலில் போய்வருகிற இந்த மனுஷி, அதே ஏரிக்குள் தாடைவரை போய், சேற்றைக் காலால் தடவி, நான் இல்லை என்று ஒவ்வோர் அடியாக உறுதி செய்துகொண்டு போயிருக்கிறார். அந்தக் கோணியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த அந்த ஒரு நொடியை நினைத்தால் எனக்கு இன்றும் மூச்சு நின்றுவிடுகிறது.

திரும்பும்போது வேனில் பாட்டுப் போடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் இறங்கியதும் கொர்னேலியஸ் தாத்தாவின் செருப்பு வார் அவிழ்ந்திருந்ததைப் பார்த்தேன். குனிந்து மாட்டிவிட்டேன். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து பெங்களூரில் ஒரு காலேஜைப் பார்க்க நான் அத்தையோடு அதே விடியற்கால ரயிலில் போனேன். அந்தப் பெண்களுக்கு நடுவே எனக்கு ஓரமாக ஓர் இடம் கொடுத்து, கையில் பீன்ஸைத் திணித்தார்கள். பங்காருப்பேட்டை தாண்டியதும் அத்தை எழுந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "பன்னெண்டு" என்றார். நான் சிரிக்கவில்லை. ஒயிட்ஃபீல்டில் எனக்கு இறங்கும் வேலை இல்லை, காலேஜ் இன்னும் தூரம். அதனால் அத்தையிடம் எந்த ஸ்டேஷனில் இறங்குவேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எந்த ரயிலில் ஏறுவேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நடைமேடையில் இறங்கி, ரயில் கிளம்பும்வரை என் ஜன்னலுக்கு நேரே நின்றார்.

இதைப் படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சொல்லாமல் கிளம்பிப் போகிற கால்கள் இருக்கும். கூட்டமாக எங்கேயாவது போனால் தலைகளை எண்ணுகிற ஒருவரும் இருப்பார், அவரைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். அந்த இரண்டு பேருக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், என் பெயரை விட்டுவிடலாம். ஏழாவது ஆணி காலியாக இருந்ததையும், நீச்சல் தெரியாத என் அத்தை வரிசையின் ஆழமான முனையில் நின்றதையும் மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.